ஏசி என்றால் எந்த ஏசி? வேலைக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை கடையில் நிற்கப் போகிறவர்கள், பாமசியில் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள், அலுவலகத்தில் முதல் நியமனம் கிடைத்தவர்கள், வயரிங் வேலை பழகும் தம்பிமார் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை எந்தப் பிரதான வீதியில் நடந்தாலும் ‘ஏசி’ என்ற இரண்டு ஆங்கில எழுத்தைப் பார்க்காமல் வர முடியாது. கொழும்பு பஸ்ஸின் முன்கண்ணாடியில் இருக்கும். காசோலையில் இருக்கும். டாக்டர் எழுதிக் கொடுத்த துண்டில் இருக்கும். சோலார் இன்வெர்ட்டரிலும், கல்குலேட்டர் பொத்தானிலும், பசளைக் கடையில் ஒட்டியிருக்கும் அளவுத் தாளிலும் இருக்கும். இடத்துக்கு இடம் பொருள் வேறு.

இதில் வரும் குழப்பங்களில் பாதி சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. மின்சாரம், மருந்து, பணம், வயலுக்கு அடிக்கும் மருந்து ஆகிய நாலு இடத்தில் மட்டும் சிரிக்க முடியாது. அங்கெல்லாம் கொஞ்சம் நின்று பார்ப்போம். மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடலாம்.

படி 1: எழுத்துக்கு முன் தாளைப் பாருங்கள்

ஏசி என்று கண்டவுடன் எழுத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. அது எதில் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வங்கியிலிருந்து வந்த தாள் என்றால் அநேகமாகக் கணக்கு. மருந்துத் துண்டு என்றால் சாப்பாட்டுக்கு முன். சாதனத்தின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் தகடு என்றால் மின்னோட்டத்தின் வகை. வாடகை வேனின் விலைப்பட்டியல் என்றால் குளிர்.

இரண்டு தொழில் சந்திக்கும் தாள்கள்தான் சிக்கல். கல்யாண மண்டபத்து பில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மண்டப வாடகை, கதிரை, ஜெனரேட்டர் என்று வரிசையாக எழுதி, கீழே ‘ஏ/சி 25,000’ என்று ஒரு வரி. குளிரூட்டி போட்டதற்கான கட்டணமா? அல்லது முன்பே கணக்கில் கட்டிய முற்பணமா? முதலாவது என்றால் அந்தத் தொகையைக் கூட்ட வேண்டும், இரண்டாவது என்றால் கழிக்க வேண்டும். எழுத்து ஒன்றுதான். கடைசித் தொகையில் 50,000 ரூபாய் வித்தியாசம் வந்துவிடும். அந்த வரி மேலே கட்டணங்களோடு நிற்கிறதா, கீழே கழிவுகளோடு நிற்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைக்கும்.

படி 2: எழுத்தின் தோற்றத்தைப் பாருங்கள்

இரண்டும் பெரிய எழுத்தா, இரண்டும் சின்ன எழுத்தா, நடுவில் புள்ளியா, சாய்கோடா? அச்சில் வந்த தாள் என்றால் இது நல்ல துப்பு. சாய்கோடு போட்டது வங்கி, கணக்கு வழக்கில் வருவது. சின்ன எழுத்தில் புள்ளியோடு வருவது மருத்துவம். பெரிய ஏயும் சின்ன சியும் என்றால் விஞ்ஞானம். பக்கத்தில் பாம்பு நெளிந்தது போல ஓர் அலைக்கோடு இருந்தால் மின்சாரம்.

கையெழுத்தில் இந்தத் துப்பை அதிகம் நம்ப வேண்டாம். எங்கள் பக்கத்தில் குளிரூட்டி பழுது பார்க்கும் கடைப் பலகையிலேயே சாய்கோடு போட்டு எழுதியிருப்பார்கள். அவசரத்தில் எழுதும் டாக்டர் புள்ளி வைப்பதில்லை. தோற்றம் பார்த்துச் சந்தேகப்படலாம், தோற்றத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

படி 3: பக்கத்தில் உள்ள எண்ணையும் அலகையும் பாருங்கள்

என்னைக் கேட்டால் மூன்று படியிலும் இதுதான் அதிகம் கைகொடுப்பது. 230 என்றும் வோல்ட் என்றும் இருந்தால் மின்சாரம். 9,000, 12,000, 18,000 என்று பிடியூவோடு (குளிரூட்டும் திறனின் அலகு) வந்தால் குளிரூட்டி. நீளமான இலக்கம், இடையில் கிளைக் குறியீடு என்றால் வங்கி. கிலோவோ மில்லிலீற்றரோ முன்னால் இருந்தால் ஏக்கர். 1200, 1750 போன்ற எண் இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டு வந்தால் வைஃபை ரவுட்டர். எண்ணே இல்லாமல் மாத்திரையின் பெயர் இருந்தால் சாப்பாட்டு நேரம்.

சரி, இனி ஒவ்வொரு இடமாகப் போவோம்.

மின்சாரக் கடையும் வயரிங் வேலையும்

பள்ளிக்கூடத்தில் ஆடலோட்டம், நேரோட்டம் என்று படித்திருப்பீர்கள். ஆடலோட்டம்தான் ஏசி, நேரோட்டம் டிசி. இலங்கையில் வீட்டுக்கு வருவது 230 வோல்ட் ஏசி, செக்கனுக்கு 50 சுற்று. பற்றரி, சோலார் தகடு, மோட்டார் சைக்கிள், கடலுக்குப் போகும் வள்ளத்தில் எரியும் 12 வோல்ட் பல்ப் எல்லாம் டிசி. நியூயோர்க்கில் எடிசன் 1882இல் தொடங்கிய மின்நிலையம் டிசிதான் கொடுத்தது. டெஸ்லாவும் வெஸ்டிங்ஹவுசும் நின்ற ஏசிப் பக்கம் வென்றதற்குப் பெரிய காரணம் மின்மாற்றி. வோல்ட்டை ஏற்றித் தூரத்துக்கு அனுப்பி, ஊருக்குள் இறக்கிக்கொள்ள அது உதவியது. உங்கள் ஒழுங்கையின் மூலையில் கம்பத்தில் நிற்கும் மின்மாற்றி செய்வதும் அதே இறக்கும் வேலைதான்.

புதிதாக வருகிறவர் முதலில் பழக வேண்டியது மல்ட்டிமீற்றர். அதில் வோல்ட்டுக்கு இரண்டு இடம் இருக்கும். அலைக்கோடு போட்டது ஏசி. நேர்கோடும் அதன் கீழே உடைந்த கோடும் போட்டது டிசி. குமிழ் டிசியில் நிற்கும்போது வீட்டு பிளக்கை அளந்தால் பூச்சியத்துக்குப் பக்கத்தில்தான் காட்டும். மீற்றர் பழுதில்லை. ஆடலோட்டம் இரண்டு பக்கமும் மாறி மாறிப் போவதால் சராசரி பூச்சியம் ஆகிவிடுகிறது. ஆனால் பார்ப்பவர் ‘கரண்ட் இல்லை’ என்று நினைத்து வயரைத் தொட்டால் அங்கே இருப்பது முழு 230 வோல்ட். ஆகவே வேலை தொடங்கும்போது, கரண்ட் இருப்பதாக உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு பிளக்கில் மீற்றரை வைத்துப் பாருங்கள். அங்கே 230க்குக் கிட்டக் காட்டினால் மட்டும் வேலை செய்யும் இடத்தை அளங்கள். அளந்து முடிந்ததும் மறுபடி அதே பிளக்கில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். மூத்த பாஸ்மார் இதைச் செய்யாமல் விடுவதைக் காண்பீர்கள். அதை மட்டும் அவர்களிடம் பழக வேண்டாம்.

அடுத்தது கடைக் கவுண்டரில் நடப்பது. ஒரு மாமா வந்து, “மனே, ஏசி பிரேக்கர் ஒண்டு தா” என்கிறார். இந்த ஒரு வரிக்கு மூன்று பொருள் இருக்கிறது. வீட்டில் குளிரூட்டி பூட்டுகிறார், அதற்குத் தனியாக ஒரு பிரேக்கர் வேண்டும் என்று கேட்கலாம். சோலார் போடுகிறார், இன்வெர்ட்டரிலிருந்து வெளியே வரும் ஏசிப் பக்கத்துக்கு ஒன்று வேண்டும் என்று கேட்கலாம். அல்லது மின்சாரம் கசிந்தால் தானாக விழும் ட்ரிப் சுவிட்சைத்தான் பிரேக்கர் என்கிறார். ட்ரிப் சுவிட்சிலேயே ‘டைப் ஏசி’ என்று ஒரு வகை இருக்கிறது.

முதலாவது என்றால் இயந்திரத்தின் தகட்டில் உள்ள ஆம்பியரைக் கேட்டுப் பொருத்தமானதைக் கொடுக்கலாம். இரண்டாவது என்றால் கவனம் வேண்டும். சோலார் தகட்டிலிருந்து இன்வெர்ட்டர் வரை வருவது டிசி. அந்தப் பக்கத்தில் ஏசிக்கு மட்டும் செய்த பிரேக்கரைப் போடவே கூடாது. ஏசி மின்னோட்டம் ஒரு செக்கனில் 100 தடவை பூச்சியத்தைத் தொட்டு வருவதால், பிரேக்கர் திறக்கும்போது எழும் தீப்பொறி தானாக அணைவது சுலபம். டிசி பூச்சியத்தைத் தொடுவதில்லை. பொறி நீண்டு எரிந்துகொண்டே இருக்கும், பிரேக்கர் உருகி நெருப்பும் பிடிக்கலாம். ஆகவே “எந்தப் பக்கத்துக்கு மாமா, தகட்டுப் பக்கமா மெயின் பக்கமா?” என்று கேட்காமல் எதையும் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, டைப் ஏசி ட்ரிப் சுவிட்ச். சாதாரண அலைவடிவ ஏசிக் கசிவை மட்டும் உணரும் வகை இது. டைப் ஏ என்பது, துடிப்பாக வரும் டிசிக் கசிவையும் சேர்த்து உணரும். இன்வெர்ட்டர் குளிரூட்டி, புது வகை வோஷிங் மெஷின் போன்றவை உள்ள வீட்டுக்கு டைப் ஏதான் நல்லது. விலை கொஞ்சம் கூட. வாங்குபவருக்கு வித்தியாசத்தைச் சொல்லுங்கள், பிறகு அவர் விருப்பம்.

போன் சார்ஜரின் முதுகையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். உள்ளே போவது 100 முதல் 240 வோல்ட் வரை, அலைக்கோடு. வெளியே வருவது 5 வோல்ட், நேர்கோடு. ஏசியை டிசியாக்குவதுதான் அந்தச் சின்னப் பெட்டியின் வேலை. இன்வெர்ட்டர் அதற்கு எதிர்ப்பக்கம், டிசியை ஏசியாக்கும்.

குளிரூட்டி

சனம் ‘ஏசி’ என்று வாயால் சொன்னால் பத்தில் ஒன்பது முறை இதைத்தான் சொல்கிறது. 1902இல் அமெரிக்காவின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக வில்லிஸ் கேரியர் அமைத்த முறையிலிருந்துதான் இது வளர்ந்தது. அப்போது பிரச்சினை வெக்கை இல்லை, ஈரப்பதன். காற்றின் ஈரத்தில் கடதாசி விரிந்து சுருங்கி, நிறங்கள் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் கல்லடியிலோ காத்தான்குடியிலோ அச்சகம் வைத்திருப்பவருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கடையில் நிற்பவர் தெரிந்திருக்க வேண்டிய எண் ஒன்றுதான்: 12,000 பிடியூ என்பது ஒரு டொன். ஒரு டொன் என்றால் இயந்திரத்தின் நிறை இல்லை. 2,000 இறாத்தல் ஐஸை 24 மணித்தியாலத்தில் உருக்கத் தேவையான வெப்பத்தை வெளியேற்றும் வேகம், ஏறக்குறைய 3.5 கிலோவொட். ஆனால் அந்த இயந்திரம் மீற்றரில் இழுக்கும் மின்சாரம் சுமார் 1 கிலோவொட்தான். 12,000 என்று பார்த்துவிட்டு “ஐயோ, பன்னிரண்டாயிரம் வொட்டா?” என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு இதைச் சொன்னால் போதும்.

‘இன்வெர்ட்டர் ஏசி’ என்றால் சோலாரில் ஓடும் ஏசி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. வீட்டுக்கு வரும் ஏசி மின்சாரத்தை உள்ளே டிசியாக்கி, பிறகு வேறு வேறு வேகத்தில் ஏசியாக்கி கொம்பிரசரை ஓட்டுவதால் அந்தப் பெயர். அறை குளிர்ந்ததும் கொம்பிரசர் முழுக்க நின்று மறுபடி தொடங்காமல் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும். சோலாருக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை.

வேன் வாடகைக்குப் பேசும்போது ‘ஏசி வேன்’ என்றால் வண்டியில் குளிரூட்டி இருக்கிறது என்று மட்டும் பொருள். போட்டுக்கொண்டு ஓடும் விலையா, போடாமல் ஓடும் விலையா என்று தனியாகக் கேளுங்கள். அறை வாடகைக்கும் இதே கேள்விதான், பாசிக்குடா, அறுகம்பே இரண்டிலும்.

வங்கியும் கணக்கும்

இங்கே ஏசி என்றால் கணக்கு. நடைமுறைக் கணக்கு, சேமிப்புக் கணக்கு எல்லாவற்றின் பின்னாலும் இது ஒட்டிக்கொண்டு வரும். பணம் வந்ததும் வங்கி அனுப்பும் குறுஞ்செய்தியிலும் இதுதான்.

காசோலையின் குறுக்கே இரண்டு சமாந்தரக் கோடு கீறி, நடுவில் ‘ஏ/சி பேயி ஒன்லி’ என்று எழுதியிருந்தால் அந்தக் காசோலையைக் கவுண்டரில் நீட்டிக் காசாக எடுக்க முடியாது. யார் பெயருக்கு எழுதியிருக்கிறதோ அவர் தன் கணக்கில் வைப்பிலிட வேண்டும். முதலாளி காசோலையைத் தந்து “மாத்திக்கொண்டு வா” என்று அனுப்பினால், வாசலைத் தாண்டுவதற்கு முன் அந்தக் கோடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கோடு இருந்தால் வங்கி வரிசையில் நின்றும் பயனில்லை, வைப்புத் துண்டு நிரப்பிக்கொண்டுதான் போக வேண்டும். காசோலை தொலைந்துபோனால் எடுத்தவர் மாற்றிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கோடு. காசோலை விடயங்களுக்கு நம் நாட்டில் அடிப்படை 1927ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க மாற்றுண்டியல் கட்டளைச் சட்டம். ஆனால் 2006 முதல் காசோலைத் தாள் வங்கிக்கு வங்கி பயணிப்பதில்லை, அதன் படம்தான் போகிறது. எழுத்தும் கோடும் படத்தில் தெளிவாக விழும்படி கறுப்பு அல்லது நீல மையில் எழுதுங்கள்.

கடைச் சிட்டையில் ‘ஒன் ஏ/சி’ என்று ஒன்று வரும். இன்ன பில்லுக்கு என்று சொல்லாமல், இருக்கும் கடனில் ஒரு பகுதியாகக் கட்டிய பணம் அது. வெள்ளாமை வெட்டின காலத்தில் இப்படிப்பட்ட பணம் நிறைய வரும். வயற்காரர் ஒருவர் வந்து 20,000 ரூபாயை மேசையில் வைத்து, “கணக்கில போடுங்க” என்று சொல்லிவிட்டுப் போவார். சிட்டையில் ‘ஒன் ஏ/சி’ என்று எழுதப்படும். பேரேட்டில் அது அவருடைய பெயரில் வரவாக ஏற வேண்டும். குளிரூட்டியும் விற்கும் மின்சாதனக் கடையாக இருந்தால், மாலையில் கணக்கு ஏற்றும் புதியவர் அதைக் குளிரூட்டி விற்பனை என்று பதிந்துவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது. அப்படிப் பதிந்தால் மனுசன் கட்டிய காசு கடனில் குறையாது. அடுத்த போகத்தில் வந்து நின்று கேட்பார், உங்களிடம் பதில் இருக்காது. ‘கடன் வரவு’ என்று தமிழில் எழுதிவிட்டால் இந்த வில்லங்கமே இல்லை.

கல்குலேட்டரில் உள்ள ஏசி பொத்தானுக்கும் வங்கிக்கும் சம்பந்தமில்லை. எல்லாவற்றையும் அழி என்று பொருள். நீண்ட கூட்டலின் நடுவில் ஓர் எண்ணைப் பிழையாக அடித்துவிட்டால் அதை அமத்தாதீர்கள், கூட்டல் முழுக்கப் போய்விடும். கடைசி எண்ணை மட்டும் அழிக்க சி அல்லது சிஈ என்று பக்கத்தில் இன்னொரு பொத்தான் இருக்கும்.

மருந்துத் துண்டு

சின்ன எழுத்தில் ஏ.சி. என்றால் சாப்பாட்டுக்கு முன். லத்தீன் மொழியிலிருந்து வந்த சுருக்கம். இதற்குச் சோடி பி.சி., சாப்பாட்டுக்குப் பின். கூடவே பிடி என்றால் நாளுக்கு இரண்டு வேளை, டிடிஎஸ் என்றால் மூன்று வேளை, மானே என்றால் காலை, நொக்டே என்றால் இரவு. இந்த ஆறையும் மனப்பாடம் செய்துவிட்டால் பாமசியில் முதல் வாரத்தைச் சமாளிக்கலாம்.

சோதனை எங்கே என்றால், கையெழுத்தில் ஏயும் பியும் ஒன்றுபோலத் தெரியும். வட்டத்துக்கு வால் நீண்டதா இல்லையா என்பதுதான் வித்தியாசம். ஒமிப்ரசோல் போன்ற வயிற்று அமில மருந்தைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னால் எடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் வயிற்றைப் புண்ணாக்கும். ஒரே துண்டில் இரண்டும் இருந்தால் மேலும் கீழும் மாறிப் படிக்க இடமிருக்கிறது. மருந்தின் பெயரைப் பார்த்து நீங்களே ஊகித்து முடிவெடுக்க வேண்டாம். துண்டை மருந்தாளரிடம் காட்டுங்கள், அதற்குத்தான் அவர் இருக்கிறார். உறையில் எழுதும்போது சுருக்கத்தைத் திருப்பி எழுதாமல் ‘சாப்பாட்டுக்கு அரைமணிக்கு முன்’ என்று தமிழில் எழுதுங்கள். அம்பாறை நகரப் பக்கம் என்றால் சிங்களத்திலும் எழுத வேண்டிவரும்.

நோன்பு மாதத்தில் இந்த ஏ.சி.க்கு இன்னொரு கேள்வி வரும். காத்தான்குடியிலோ சாய்ந்தமருதிலோ நிற்பவரிடம், “சாப்பாட்டுக்கு முன் என்றால் சஹருக்கு முன்னா, நோன்பு திறந்த உடனேயா?” என்று கேட்பார்கள். மூன்று வேளை மருந்து என்றால் இன்னும் கஷ்டம். நேரத்தை மாற்றுவது டாக்டரின் வேலை. சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர் என்றால் கட்டாயம் அவரிடம் அனுப்பிவிடுங்கள்.

சீனி வருத்தம் என்றவுடன் இன்னொன்று. ஆய்வுகூட அறிக்கையில் ‘ஏ வன் சி’ என்று வரும். நடுவில் ஒன்று என்ற எண் இருக்கிறது. இரத்தத்தில் கடந்த இரண்டு மூன்று மாதச் சீனி மட்டத்தைச் சொல்லும் சோதனை அது, 6.5 சதவீதமும் அதற்கு மேலும் நீரிழிவு என்று கொள்வார்கள். அதற்கும் சாப்பாட்டு நேரத்துக்கும் தொடர்பில்லை, சாப்பிட்டுவிட்டும் இரத்தம் கொடுக்கலாம். வேறு சோதனையும் சேர்த்து எழுதியிருந்தால் மட்டும் வெறும் வயிறா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வயலும் குளமும்

பசளை, கிருமிநாசினிக் கடைகளில் ஏசி என்றால் ஏக்கர். காணி உறுதியில் இது வராது; அங்கே ஏக்கர், றூட், பேர்ச் என்று மூன்று எழுத்தில் எழுதியிருக்கும். நாலு றூட் ஓர் ஏக்கர், 160 பேர்ச் ஓர் ஏக்கர்.

வில்லங்கம் எங்கே வருகிறது என்றால், சில தாள்களில் அளவு ஏக்கருக்கு இருக்கும், சிலவற்றில் ஹெக்டேயருக்கு இருக்கும். ஒரு ஹெக்டேயர் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். ஹெக்டேயருக்குச் சொன்ன அளவை ஏக்கருக்கு அடித்தால் பயிருக்குப் போவது இரண்டரை மடங்கு மருந்து. காசும் வீண், பயிரும் கருகும், வாய்க்காலில் மீனும் சாகும். ஆகவே மில்லிலீற்றருக்குப் பின்னால் சாய்கோடு போட்டு வரும் இரண்டு எழுத்தையும் விரலை வைத்துப் படியுங்கள். இரண்டாவது எழுத்து சியா, முதல் எழுத்து எச்சா என்று பாருங்கள்.

நீர்ப்பாசன அலுவலகத் தாள்களில் இதன் பின்னால் எஃப்டி என்று சேர்ந்து வரும். ஏக்கர் அடி. ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர், 1,233 கனமீற்றர். இங்கினியாகலையில் உள்ள சேனாநாயக்க சமுத்திரத்தின் கொள்ளளவு 770,000 ஏக்கர் அடி. இதை ஏக்கர் என்று மட்டும் படித்துவிட்டு, குளத்தின் பரப்பு ஏழு இலட்சத்து எழுபதாயிரம் ஏக்கர் என்று அறிக்கை எழுதினால் அம்பாறை மாவட்டத்தில் பாதிக்கு மேல் மூழ்கடித்த கணக்கு ஆகிவிடும்.

ரவுட்டரும் இணைய முகவரியும்

வைஃபை ரவுட்டர் பெட்டியில் ஏசி1200 என்று இருந்தால், அது 802.11ஏசி என்ற வைஃபை தரம். 2013இல் வந்தது, பிறகு வைஃபை 5 என்றும் பெயர் வைத்தார்கள். 1200 என்பது உங்களுக்குக் கிடைக்கும் இணைய வேகம் இல்லை. 2.4 கிகாஹேர்ட்ஸில் 300 எம்பிபிஎஸ், 5 கிகாஹேர்ட்ஸில் 867 எம்பிபிஎஸ் என்று இரண்டு பாதையின் உச்ச வேகத்தைக் கூட்டி, கொஞ்சம் ஏற்றிச் சொன்ன எண். ஒரு போன் ஒரு நேரத்தில் ஒரு பாதையில்தான் இருக்கும். வெளியிலிருந்து வரும் இணைப்பு 50 என்றால் உள்ளே எந்த ரவுட்டர் வைத்தாலும் 50க்கு மேல் தராது. விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. நீங்கள் சொல்லுங்கள், வாடிக்கையாளர் உங்களிடமே திரும்பி வருவார்.

கரண்ட் போகும்போது ரவுட்டரை ஓடவைக்கச் சின்னப் பற்றரிப் பெட்டி கேட்டு வருவார்கள். ஏசி ரவுட்டர் என்று பெட்டியில் இருந்தாலும் அதற்குள் போவது டிசி, பெரும்பாலும் 12 வோல்ட், சிலவற்றுக்கு 9. அடப்டரைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

பல்கலைக்கழக முகவரிகளில் ஏசி என்றால் கல்வி நிறுவனம். வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இரண்டின் முகவரியும் ஏசி, புள்ளி, எல்கே என்றுதான் முடியும். எல்கே இல்லாமல் ஏசியோடு மட்டும் முடிந்தால் அது அத்திலாந்திக் சமுத்திரத்தில் உள்ள அசென்சன் தீவுக்கு ஒதுக்கிய முகவரி, அதை யாரும் காசு கட்டி வாங்கலாம். புலமைப்பரிசில் தருவதாக வாட்ஸப்பில் வரும் இணைப்பைத் தட்டுவதற்கு முன், முகவரியின் வாலைப் பாருங்கள்.

ஆய்வுகூடமும் மற்றவையும்

இரசாயனத்தில் பெரிய ஏயும் சின்ன சியும் 89ஆவது மூலகமான அக்ரினியம். 1899இல் டெபியேர்ன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தார். சேதன இரசாயனக் குறிப்பில் அதே எழுத்து அசற்றைல் கூட்டத்தைக் குறிக்கும். வானிலைத் தாளில் அல்ரோகியூமுலஸ் என்ற நடுமட்ட மேகம். விமானத் துறையில் சாய்கோட்டோடு வந்தால் விமானம். உள்ளூராட்சி அலுவலகங்களில் ஏசிஎல்ஜி என்று நாலெழுத்தாக வந்தால் உள்ளூராட்சி உதவி ஆணையாளர். இவை உங்கள் மேசைக்கு அடிக்கடி வரப்போவதில்லை.

ஆளின் முதலெழுத்தாக வருவது மட்டும் அடிக்கடி வரும். அப்துல் காதர், அப்துல் கரீம் என்று தகப்பன் பெயர் உள்ளவர்கள் கல்முனை, சம்மாந்துறைப் பக்கம் நிறையப் பேர். சம்பளப் பட்டியலிலும் கடன் கொப்பியிலும் ஏ.சி. என்று தொடங்கும் வரி ஓர் ஆளாக இருக்கலாம்.

படி 4: சந்தேகம் இருந்தால் இப்படிக் கேளுங்கள்

“ஏசி என்றால் என்ன?” என்று கேட்டால், கேட்கப்படுபவர் உங்களைப் பாவமாகப் பார்ப்பார். அதோடு விடையும் சரியாக வராது. அவருக்குத் தெரிந்த ஒரே ஏசியைத்தான் சொல்வார். பொருளை வைத்துக் கேளுங்கள்: “இது கூட்டவா, கழிக்கவா?” “இது தகட்டுப் பக்கமா, மெயின் பக்கமா?” “இது சாப்பிட முன்னா, பின்னா?” “இது ஏக்கருக்கா, ஹெக்டேயருக்கா?” இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொல்லும் கேள்விக்கு அவசரத்தில் இருப்பவர்கூட நின்று பதில் சொல்வார்.

படி 5: நீங்கள் எழுதும்போது விரித்து எழுதுங்கள்

உங்கள் மேசைக்குள் மட்டும் இருக்கும் குறிப்பில் சுருக்கம் போடலாம். வேறு ஒருவர் கைக்குப் போகும் தாளில் வேண்டாம். குளிரூட்டி, கணக்கு இலக்கம், கடன் வரவு, சாப்பாட்டுக்கு முன், ஏக்கர். இவை ஒன்றும் எழுதக் கை வலிக்கும் சொற்கள் இல்லை. மின்சார வேலையில் மட்டும் சுருக்கத்தையே வையுங்கள், ஏனென்றால் தகட்டிலும் மீற்றரிலும் அதுதான் இருக்கிறது. ஆனால் வோல்ட்டையும் சேர்த்து எழுதுங்கள்.

பழகிப் பார்க்க

பல சரக்கு விற்கும் ஒரு கடையின் கொப்பியில் இப்படி ஐந்து வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘230 ஏசி, 63 ஆம்பியர், 1.’ ‘12,000 ஏசி, 1, கல்லடிக்கு அனுப்ப.’ ‘களைநாசினி, 2.5 ஏசி.’ ‘ஒன் ஏ/சி 15,000.’ ‘ஏ.சி. சேர் 5,000.’

முதலாவது, மெயின் பக்கத்துப் பிரேக்கர். இரண்டாவது, ஒரு டொன் குளிரூட்டி. மூன்றாவது, இரண்டரை ஏக்கருக்கு வேண்டிய களைநாசினி. எத்தனை போத்தல் என்பது லேபலைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டியது. நாலாவது கடன் வரவு, ஆனால் யாருடைய கடன் என்று எழுதப்படவில்லை, எழுதியவரைப் பிடித்துக் கேட்க வேண்டும். ஐந்தாவது அநேகமாக முதலெழுத்தால் அழைக்கப்படும் ஓர் ஆசிரியர். அவர் 5,000 ரூபாய் தந்தாரா, தர வேண்டுமா என்பது கொப்பியில் இல்லை. முதலாளியிடம் கேட்காமல் அந்த வரியைப் பேரேட்டில் ஏற்றாதீர்கள்.